கட்டுமரத்திலிருந்து படகுக்கு
துறைமுகக் காப்பின்றி அலை நேரே வந்து மோதும் புதுவைக் கரையில், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் மீனவர் பரம்பரையாக நம்பியிருந்தது, இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துப் பாய் ஏற்றிய கட்டுமரத்தையே. அலை மேலே புரண்டாலும் ஜலம் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலரப் போடுவார்கள். இத்தனை எளிமையில் இத்தனை புத்தி நுட்பம் வேறெந்தக் கலத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், பெரிய வலைக்கும் தூரத்து மீனுக்கும் அதில் இடம் போதாமையால், பெரிய கலத்துக்கு மாறலாமா என்ற யோசனை வளர்ந்துகொண்டிருக்க, 2004 டிசம்பர் 26 ஆம் தேதி ஆழிப்பேரலை கரையில் கிடந்தவற்றை உடைத்தெறிந்த பின்னர், நிவாரணமாக வந்த மோட்டார் பைபர் படகுகள் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தின. மாறியவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. மரம் பிணைக்கும் வித்தையறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைக்குமாறு புதுவை இளைஞர்களை வேண்டுகிறேன்.