சுடுகாட்டுப் பூவும் கீமோ ஊசியும்

உங்க வீட்டு வாசல்ல நித்தியகல்யாணி இருக்கா? ஊதாவும் வெள்ளையுமா, தண்ணி ஊத்தாட்டியும் பூக்குமே, அதேதான். சுடுகாட்டுப் பூன்னு சொல்லி சில வீடுகள்ல வைக்கவே மாட்டாங்க. அந்தச் செடியோட வரலாறு இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்ல யாராவது கீமோ எடுத்துட்டு இருந்தா கட்டாயம் படிங்க.

காட்டுப்பள்ளி பக்கம் ஒப்பந்த வேலை பார்த்தவர் ஒருத்தர். ஐம்பது தாண்டியவர், பல வருஷ பீடிப் பழக்கம். நுரையீரல் புற்றுநோய் உறுதியாகி சென்னையில் கீமோ எடுத்து வந்தார். ஒருநாள் என் நைட் டூட்டியில் குளிர்காய்ச்சலோட கூட்டிட்டு வந்தாங்க. வெள்ளை அணுக்கள் 900. சாதாரணமா 4000க்கு மேல இருக்கணும். ஆன்டிபயாடிக் ஊசி போட்டு 108-ல் சென்னைக்கு ஏத்தும்போது, அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. "சார், தினமும் நித்தியகல்யாணி இலைக் கஷாயம் குடுத்தேன். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

போன மாசம் ஓ.பி.யில் "நாட்டு மருந்து பக்கமே போகக் கூடாது"ன்னு அவங்களைச் சத்தம் போட்டது நான்தான்.

கீமோவே வெள்ளை அணுக்களைக் குறைக்கும். இதுல கஷாயத்தின் பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல வழியில்லை. ஆனா அந்த இலைக்கு அப்படி ஒரு குணம் உண்டுங்கறது எழுபது வருஷமா தெரிஞ்ச விஷயம்.

1952. கனடாவில் கிளார்க் நோபில் என்ற டாக்டருக்கு ஜமைக்காவில் இருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள். அங்கே சர்க்கரை நோய்க்கு இதை டீ மாதிரி போட்டுக் குடிப்பாங்களாம். அவர் அதைத் தன் தம்பி ராபர்ட் நோபிலுக்கு அனுப்பினார். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை பெரிசா குறையவே இல்லை. சாறை ஊசியா போட்டப்போ எலிகள் கிருமித்தொற்றில் செத்தன. ஏன்னு பார்த்தா, வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன!

வேற யாராவது இருந்தா இலையைக் குப்பையில் போட்டிருப்பாங்க. நோபில் யோசிச்சது வேற: ரத்தப் புற்றுநோயில் தாறுமாறாப் பெருகுவதும் வெள்ளை அணுக்கள்தானே? சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோட சேர்ந்து பிரித்தெடுத்து, 1958-ல் அறிவித்த மருந்துதான் வின்பிளாஸ்டின். அதே செடியில் இருந்து லில்லி கம்பெனி எடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கும் போடுறோம். பிரான்சில் பியர் பொத்தியே குழு அதே செடியின் சரக்கை மாற்றியமைத்து வினோரெல்பின் செய்தது. 1994-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது நுரையீரல் புற்றுநோய்க்குத்தான்.

நம்ம நோயாளிக்கு ஏறின பாக்லிடாக்சலும் ஒரு மரப்பட்டையில் கண்டுபிடித்தது. 1971-ல் அதன் வடிவத்தைச் சொன்னவர்களில் ஒருவர் மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானி. ஆக "இங்கிலீஷ் மருந்து விஷம், மூலிகை அமிர்தம்"னு வாட்ஸ்அப்பில் சுத்துறது வரலாறு தெரியாத பேச்சு. நான் அன்னிக்குச் சத்தம் போட்டதும் அதே ரகம்தான்.

அப்போ ரெண்டையும் சேர்த்தே சாப்பிடலாமா? இதை அதிகமாச் செய்து பார்த்த நாடு சீனா. 1950-களில் இருந்தே இரண்டு மருத்துவத்தையும் இணைப்பது அங்கே அரசின் கொள்கை. ஹுவாங் சீ என்ற வேரை பிளாட்டினம் கீமோவோட நுரையீரல் புற்றுக்குக் கொடுத்த 34 ஆய்வுகளை, 2815 நோயாளிகளை, 2006-ல் தொகுத்துப் பார்த்தாங்க. முடிவு சேர்த்துக் கொடுத்த பக்கமே சாய்ந்தது. ஆனா ஆய்வுகள் பலதும் தரத்தில் சுமார். இன்னும் கறாரான ஆய்வுகளில் உறுதிப்படுத்தணும்னு தொகுத்தவங்களே எழுதிட்டாங்க. என் கணக்கில் இது 'நம்பிக்கை தருது, நிரூபணம் ஆகலை'. ஒண்ணு கவனிங்க, அந்த வேரைக் கொடுத்தது கீமோ கொடுத்த டாக்டர்களுக்குத் தெரிஞ்சே நடந்தது.

ஹார்பின் நகரத்தில் 1970-களில் சாங் திங்தொங் குழு செய்தது இன்னும் பிடிக்கும். ஒரு நாட்டு வைத்தியக் கலவையில் ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் மூணும் இருந்தது. ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்து, வேலை செய்வது ஆர்சனிக்தான்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம சித்தர்கள் சொன்ன வெள்ளைப் பாடாணம் அதேதான். ஒருவகை ரத்தப் புற்றுக்கு அது இன்னிக்கு முதல் வரிசை மருந்து. (வீட்ல முயற்சி பண்ணாதீங்க, உயிர் போயிடும்.)

தெரியாமல் கலந்தால் நடந்த வரலாறும் இருக்கு. 1990-களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் ஒண்ணுக்குப் பதில் வேறொண்ணு மாறிப்போய், நூறு பேர் அளவுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றே வந்தது. அந்தச் செடி நம்ம ஆடுதின்னாப்பாளையின் இனம். 2002-ல் வந்த இன்னொரு ஆய்வில், மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் சாப்பிடும் ஒரு மூலிகை, இரினோடீகன் என்ற கீமோவின் வேலை செய்யும் பொருளை ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்துவிட்டது. நோயாளிக்கு வெளியே எதுவும் தெரியாது. ஊசி ஏறும், பலன் ஏறாது.

கஷாயத்துக்கு வருவோம். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேணும். ஒரு டம்ளர்ல இருக்கிறது ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். எவ்வளவு கொஞ்சம்? இலைக்கு இலை, கொதிக்க வைக்கும் நேரத்துக்கு நேரம் மாறும். ஊசியில் மில்லிகிராம் கணக்குப் பார்த்துப் போடுற சமயத்தில், அளவே தெரியாத இன்னொண்ணு உள்ளே போகுது.

அவர் பிழைச்சு வந்தார். அடுத்த ஓ.பி.க்கு ஒரு மஞ்சப்பை நிறைய சூரணம், லேகியம், பொடி. எல்லாத்தையும் சீட்டில் எழுதி, கீமோ போடுற டாக்டருக்கு அனுப்பினேன். ரெண்டை நிறுத்தச் சொன்னார், ஒண்ணை கீமோ முடிஞ்சப்புறம் பார்க்கலாம்னார். நம்ம அரசு ஆஸ்பத்திரிகள் பலதுல அதே காம்பவுண்டுக்குள்ள சித்தா பிரிவும் இருக்கு. அந்தச் சீட்டையும் இந்தச் சீட்டையும் ஒண்ணா வெச்சுக் காட்டுங்க.

பொட்டலத்தை அப்படியே எடுத்துட்டு வாங்க, பேர் தெரியாட்டியும் பரவாயில்ல. டாக்டர் திட்டினா இந்த த்ரெட்டைக் காட்டுங்க.