நோய்ச் செய்தி போன வழி

உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவிலிருந்து வாரம் ஓர் ஏடு வெளியிடுகிறது. எந்த நாட்டில் எந்தத் தொற்றுநோய், எந்தத் தடுப்பூசியை யாருக்கு எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். ஒரே ஏட்டில் ஆங்கிலமும் இருக்கும், பிரெஞ்சும் இருக்கும். பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் ஃபைல் எழுதிப் பிழைத்த என்னைப் போன்ற புதுச்சேரிக்காரனுக்கு இதைவிடத் தோதான ஏடு கிடைக்காது. பிரெஞ்சில் அதன் பெயர் 'ரெலெவே எபிதெமியோலொஜிக் எப்தொமதேர்'. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியலுக்கும் எங்களுக்கு 'ரெலெவே' என்றுதான் பெயர். பட்டியலைக் கையில் வாங்கும்போது வயிற்றைக் கலக்குவது இரண்டுக்கும் பொது.

இந்த ஏடு தொடங்கியது 1926-ல். அப்போது உலக சுகாதார நிறுவனம் கிடையாது, முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட சர்வதேச சங்கம்தான் நடத்தியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1925-ல், அதே சங்கம் சிங்கப்பூரில் ஒரு கிளை அலுவலகம் திறந்தது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து பிளேக், காலரா, பெரியம்மை எத்தனை பேருக்கு என்று வாராவாரம் தந்தி போகும். அங்கே அதையெல்லாம் தொகுத்து, சங்கேத எழுத்தில் கம்பியில்லாத் தந்தி மூலம் திரும்பவும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். நடுக்கடலில் போகும் கப்பலுக்குக்கூட அடுத்த துறைமுகத்தில் காலரா இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நம் ஊருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குப் பிழைக்கப் போனவர்கள் எத்தனை குடும்பம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மெஸ்ஸாழெரி மரித்தீம் கப்பல் வந்து நிற்கும்போது அதில் ஆளும் சரக்கும் மட்டுமா வரும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு கப்பலுக்காகவும் வியாபாரத்துக்காகவும் ஏற்பட்டது. துறைமுக டாக்டருக்குத்தான் சேதி. முத்தியால்பேட்டையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோயாளி பார்க்கிற வைத்தியர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அலுவலகமும் நின்றது.

டாக்டரைக் கணக்கில் சேர்க்க பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள், சட்டம் போட்டார்கள். பிரான்சில் 1892 நவம்பர் 30 தேதியிட்ட சட்டப்படி, தொற்றுநோயைப் பார்த்த வைத்தியரும் மருத்துவச்சியும் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும். 'தெக்லராசியோன் ஒப்லிகத்துவார்', அதாவது கட்டாய அறிவிப்பு. 1902 பிப்ரவரி 15 சட்டம் இதை இன்னும் இறுக்கியது, பெரியம்மைத் தடுப்பூசியையும் கட்டாயமாக்கியது. வைத்தியர்கள் முணுமுணுத்தார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு மேரியில் போய்ச் சொல்வதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊரைக் காப்பாற்றுவதா, வீட்டின் மானத்தைக் காப்பாற்றுவதா? 'அம்மா விளையாடுகிறாள்' என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டுகிற நம் வழக்கம் ஒரு விதத்தில் இதைவிட மேல். யாரும் கேட்காமலே தெருவுக்கெல்லாம் அறிவிப்பு போய்விடும், வெளியாள் உள்ளே வர மாட்டான்.

சென்னை மாகாணத்தில் 1939-ல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதலாவது என்று சொல்வார்கள். புதுச்சேரிக்கென்று தனிச் சட்டம் 1973-ல் வந்தது. அது இன்றும் உயிரோடு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

செய்திக்கு என்ன பலம் என்று உலகத்துக்குக் காட்டியது பெரியம்மைதான். முதலில் எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்று நினைத்தார்கள். கோடிக்கணக்கில் போட்டும் இந்தியாவில் அது ஒழியவில்லை. பிறகு வழியை மாற்றினார்கள். எங்கே ஒரு கேஸ் இருக்கிறது என்று தேடு, அந்த வீட்டைச் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் உடனே ஊசி போடு, அடுத்த கேஸைத் தேடு. முகமெல்லாம் அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் காட்டி, வீடு வீடாக, சந்தை சந்தையாக விசாரித்தார்கள். கடைசியில் தகவல் சொல்பவருக்கு 1000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். 1975-ல் 1000 ரூபாய் ஒரு குமாஸ்தாவின் கண்ணை எப்படி உறுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்! எங்கள் செக்‌ஷனில் ஒருவர் முகப்பரு வந்த பையனையெல்லாம் உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. இந்திய மண்ணில் கடைசிப் பெரியம்மை நோயாளி அஸ்ஸாமில் 1975 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்டார். 1980 மே 8-ல் உலகம் முழுவதும் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

அந்தக் காலத்தில் நான் ஓர் அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. காய்ச்சல், வாந்திபேதி பற்றி டாக்டர்களுக்குச் சுற்றறிக்கை போகும். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி, மையோடு கையோடு மடித்து உறையில் போடுவோம். முகவரிப் பட்டியலில் அரசு டிஸ்பென்சரிகள் மட்டும்தான் இருக்கும். நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் காலை மாலை கூட்டம் நிரம்பி வழிகிற தனியார் டாக்டர்கள் பட்டியலில் கிடையாது. கேட்டதற்கு, 'அவர்கள் நம் கண்ட்ரோலில் இல்லை' என்றார் சூப்பரிண்டெண்ட். ஜுரம் வந்தவன் முதலில் போவதே அவர்களிடம்தான். கண்ட்ரோலில் இருந்தவர்களுக்கும், சில சமயம், நோய் வந்துபோன பிறகே சுற்றறிக்கை போய்ச் சேர்ந்தது.

இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தவர்கள் வேலூரில் இருந்தார்கள். 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜான், பழைய வடஆற்காடு மாவட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்தார். 50 லட்சம் ஜனத்தொகை. கருவி வெறும் தபால் அட்டை. தபால் செலவு முன்னமே கட்டியாயிற்று, முகவரியும் அச்சடித்தாயிற்று. இளம்பிள்ளைவாதம், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, தட்டம்மை என்று தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்களும் வேறு சில தொற்றுநோய்களும் பட்டியலில் இருக்கும். டாக்டர் ஒரு கேஸைப் பார்த்தால் விவரத்தை எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். அரசு டாக்டரா, தனியாரா, மிஷன் ஆஸ்பத்திரியா என்ற பேதமில்லை. பரிசோதனைச்சாலை உறுதி செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சந்தேகம் போதும். அட்டைகள் வந்து சேருமிடத்தில் ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று சேர்ந்தால் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போகும், ஆள் கிளம்பிப் போய்ப் பார்ப்பார்.

இதோடு நின்றிருந்தால் வழக்கமான கதைதான். அவர்கள் மாதம் ஒரு சிறு ஏடு அச்சிட்டு அட்டை அனுப்பிய டாக்டர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்த மாதம் எந்தப் பக்கம் தட்டம்மை, எங்கே மஞ்சள்காமாலை, என்ன செய்தோம் என்று அதில் இருக்கும். குடியாத்தத்தில் ஒற்றை அறையில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர், தான் போட்ட அட்டை அச்சில் வந்திருப்பதைப் பார்ப்பார். அடுத்த அட்டையை எழுத மாட்டாரா? முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன், பதில் வராத மனுவை யாரும் இரண்டாம் முறை எழுதுவதில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நாதி'. வடஆற்காடு மாவட்ட சுகாதாரத் தகவல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. நாதியற்றவன் என்று நாம் சொல்கிற வார்த்தையை நினைத்துப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே படுகிறது. அவர்கள் 'நதி'யை நினைத்து வைத்திருக்கவும் கூடும். 1998-ல் லான்செட் பத்திரிகையில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது, ஏழை நாடுகளுக்கு ஒரு மாதிரி என்று. பிற்பாடு கேரளத்தில் கோட்டயம் மாவட்டமும் தபால் அட்டையை எடுத்துக்கொண்டது.

மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல் வந்தது. எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள். சந்தேகப்படும் சுகாதார ஊழியருக்கு முதலாவது, நோயைப் பார்க்கும் டாக்டருக்கு இரண்டாவது, பரிசோதனைச்சாலைக்கு மூன்றாவது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். கணக்கு மேலே போவது வேகமாகிவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். கீழே திரும்பி வருவதுதான் இன்னும் மாட்டுவண்டி. எங்கள் தெருவில் இருக்கும் குழந்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஊரில் என்ன காய்ச்சல் சுற்றுகிறது என்பது பெரும்பாலும் டாக்டர்களின் வாட்ஸப் குழுவில்தான் தெரிகிறது என்றார்.

2022 ஜூலை 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காரைக்காலில் காலரா. வாந்திபேதியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஏராளம். நான் சொன்ன 1973 சட்டத்தை எடுத்து சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிகளை மூன்று நாள் மூடினார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா. அதற்குப் பக்கத்தில் இருப்பதால் மாஹேயிலும் பள்ளிகள் மூடப்பட்டன. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாட்டு மாவட்டங்கள், மாஹேயைச் சுற்றிக் கேரளம், ஏனாமைச் சுற்றி ஆந்திரம். துப்ளே காலத்துச் சண்டைகளுக்குப் பிறகு மிஞ்சிய துண்டுகளை வைத்துக்கொண்டு நாம் நோய்க்கணக்கு எழுதுகிறோம்.

புதுச்சேரி நகரத்திலேயே தெருவைக் கடந்தால் தமிழ்நாடு. கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். திண்டிவனம், விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்தான் பாதிக்கு மேல். தொண்டை அடைப்பானோடு ஒரு குழந்தை அங்கே வந்தால் நோய் பதிவாவது புதுச்சேரியில், கூட விளையாடிய பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டியது விழுப்புரம் பக்கத்து ஒரு கிராமத்தில். அந்தச் சேதி பொழுது சாய்வதற்குள் அந்த ஊர் நர்சம்மாவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.