தண்டவாளம் போய்ப் பாதை வந்த கதை: ஃபென்பான்

ஐரோப்பாவில் நாடுகளை இணைக்கும் சைக்கிள் தடங்களுக்குப் பஞ்சமில்லை. 1995-இல் தொடங்கிய யூரோவெலோ கண்டம் முழுக்கக் கோடு போட்டிருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, கார்களும் ஓடும் சாதாரணச் சாலைகளில் பலகை நட்டவைதான். மோட்டார் வண்டித் தொந்தரவு இல்லாமல் மூன்று நாடுகளைக் கடந்துபோகும் ஃபென்பான் வேறு ரகம். ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கி, பெல்ஜியம் வழியே லக்சம்பர்க்கின் ட்ருவாவியெர்ஷ் வரை சுமார் 125 கிலோமீட்டர். இப்படியொரு பாதை சிதறாமல் கிடைத்ததற்கு முதல் நன்றி ஓர் எல்லைத் தகராறுக்கே போகவேண்டும்.

பிரஷ்யா போட்ட ரயில் பாதை இது. 1885-இல் ஆகனிலிருந்து மோன்ஷாவுக்கு ரயில் ஓடியது. 1889-இல் லக்சம்பர்க்கை எட்டியது. வடக்கிலிருந்து நிலக்கரி, தெற்கிலிருந்து இரும்புத் தாது. அதுதான் இதன் பிழைப்பு.

முதல் உலகப்போர் முடிந்து, வெர்சாய் ஒப்பந்தப்படி ஆய்ப்பன், மால்மெடி வட்டாரங்கள் பெல்ஜியத்துக்குப் போயின. அந்த ஊர்களுக்கு உயிர்நாடியான ரயிலோ இடையிடையே ஜெர்மானிய மண்ணில் ஓடியது. அதையும் பெல்ஜியம் கேட்டு வாங்கிக்கொண்டது. சில மீட்டர் அகலத்தில் ஒரு பெல்ஜிய நாடா ஜெர்மனிக்குள் நுழைந்தது. அதற்கு மேற்கே இருந்த ஜெர்மானியப் பகுதிகள் தீவுகளாயின. அவற்றில் ஐந்து இன்றும் இருக்கின்றன. ருக்‌ஷ்லாக் என்ற தீவில் இருப்பது ஒரு வீடும் தோட்டமும் மட்டுமே! அதிகாரிகளுக்கு எத்தனை தலைவலியோ, பாதைக்கு அது கவசமாயிற்று. ரயில் நின்றபின்னும் நிலம் துண்டுதுண்டாக விலைபோகாமல் ஒரே நாட்டின் கையில் இருந்தது.

சரக்குப் போக்குவரத்து தேய்ந்தது. பிறகு ஓட்டிய சுற்றுலா ரயிலும் 2001-இல் நின்றது. அதற்குள் பெல்ஜியத்தின் வல்லோனியா வட்டார அரசு ஒரு வழி கண்டிருந்தது. 1995-இல் அது தொடங்கிய ராவெல் திட்டத்தில், ரயில்வேயிடமிருந்து கைவிட்ட தடங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்கினார்கள். விற்பனை இல்லை, குத்தகைதான். என் கணக்கில், பழைய தடங்களைக் காக்கும் இந்த இயக்கத்தின் மிகப் புத்திசாலித்தனமான காகிதம் அதுவே. 1998-இல் அதே வல்லோனியாவின் நமூரில் ஐரோப்பியப் பசுமைவழிச் சங்கம் பிறந்தது. 2000-ஆம் ஆண்டில் அச்சங்கம் வெளியிட்ட லில் பிரகடனம், மோட்டார் இல்லாப் பயணத்துக்கென்றே ஒதுக்கிய வழிதான் பசுமைவழி என்று வரையறுத்தது.

ஃபென்பானின் தண்டவாளத்தைப் பெயர்க்கும்போது, ரயில் இல்லையென்றால் நிலம் ஜெர்மனிக்குத் திரும்பிவிடுமோ என்ற பேச்சு கிளம்பியது. இல்லை, அது பெல்ஜியத்துக்கே என்று இரு வெளியுறவு அமைச்சகங்களும் சொல்லிவிட்டன. 2013-இல் முழுப்பாதையும் திறந்தது.

நீராவி எஞ்சினுக்காக வெட்டிய தடம் என்பதால் ஏற்றம் மென்மையானது. வயதானவர்களும் சிரமமின்றி மிதிக்கலாம். தெற்குக் கோடியில் மட்டும் ஒரு மேடு காத்திருக்கிறது. அங்கிருந்த ரயில் சுரங்கத்தை வௌவால்களுக்கு விட்டுவிட்டார்கள். சைக்கிள்காரர்கள் குன்றின் மேலேறித்தான் லக்சம்பர்க்குக்குள் இறங்க வேண்டும்.