இலாயத்துக் குழலும் வன்னிப் பறையும்

தன்னைத் தான் ஏற்றுக்கொள்ளுதல் என்பது ஒவ்வொருவரும் தம் உள்ளத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று இன்று பலர் போதிக்கின்றனர். இளைஞருக்கென வெளியாகும் நூல்களிலும் இப்போதனை மலிந்து கிடக்கிறது. உன்னை நீ நேசி, உலகம் உன்னை நேசிக்கும் என்கின்றன அவை. கேட்பதற்கு இனிய மொழிதான். ஆனால், தன்மீது வெறுப்பு ஓர் இளைஞனின் நெஞ்சில் தானாக முளைப்பதில்லை. அதை விதைப்பதற்கு ஒரு சமுதாயம் வேண்டியிருக்கிறது. அவன் எந்தச் சாதியிற் பிறந்தான், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தான், அவன் தந்தை எந்தத் தோற்கருவியைத் தோளில் மாட்டினார் என்பவற்றைக் கொண்டு அவனை அளப்போர் இருக்கும்வரை, அவ்வெறுப்பை அவன் தனியே களைந்துவிட முடியாது.

இசையையும் நட்பையும் இளமையையும் பொருளாகக் கொண்டு உலகில் எழுந்த சிறந்த நாவல்கள் இவ்வுண்மையை அறிந்திருந்தன. அவற்றை வன்னி மண்ணில் நின்று நோக்குவோமாயின், நம்மிடம் இருப்பது எது, இன்னும் எழுதப்படாதது எது என்பது புலனாகும்.

1886ஆம் ஆண்டில் ருஷ்ய எழுத்தாளர் விளாதிமிர் கொரொலென்கோ ‘குருட்டு இசைஞன்’ என்னும் நாவலை வெளியிட்டார். புதிய சார் மன்னனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமைக்காகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டு மீண்டவர் அவர். உக்ரேயின் நாட்டு நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பார்வையின்றிப் பிறந்த பியோத்தர் என்னும் சிறுவனின் கதை அது. அவ்வீட்டின் குதிரைக்காரன் யோக்கிம், மாலை வேளைகளில் இலாயத்தில் அமர்ந்து, தானே செய்துகொண்ட மரக்குழலை ஊதுகிறான். சிறுவன் மெல்ல மெல்ல அவ்விடத்தை நாடிச் செல்கிறான். பெற்ற தாய்க்கு மனம் பொறுக்கவில்லை. வேலைக்காரனின் குழல் தன் பிள்ளையைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டதாக எண்ணி, வியன்னாவிலிருந்து விலையுயர்ந்த பியானோ ஒன்றை வரவழைக்கிறாள். அதன் பேரொலி பிள்ளையை அச்சுறுத்துகிறது. குழலே வெல்கிறது.

அது ஏன் வென்றது? குழலுக்குரிய மரம் அந்நாட்டு மண்ணில் வளர்ந்தது. அதில் பிறந்த பாட்டு அந்நாட்டு உழவர் பாடி வந்த பாட்டு. அதனைத் தாய் உணர்ந்து, இலாயத்துப் பாட்டைத் தன் பியானோவிலே வாசிக்க முயன்ற பின்னரே மகன் அவளுடைய இசைக்குச் செவி சாய்க்கிறான். உயர்ந்தோர் இசை, தாழ்ந்தோர் இசையிடம் பாடம் கேட்ட இடம் அது.

பியோத்தருக்கு எவெலினா என்னும் தோழி இருக்கிறாள். கரிபால்டியின் படையிற் போரிட்டு ஒரு காலை இழந்து திரும்பிய மக்சீம் என்னும் மாமன் இருக்கிறார். பரிதாபத்தை ஊட்டிப் பிள்ளையை வளர்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆயினும் வாலிபனானதும் பியோத்தரின் நெஞ்சில் கசப்பு மூண்டெழுகிறது. தன் துன்பமே உலகத் துன்பம் அனைத்தினும் பெரிதென எண்ணித் தன்னைத் தானே வதைக்கிறான். பார்வையற்ற பிச்சைக்காரப் பாடகரோடு அவன் தெருத்தெருவாய் நடந்து திரிய நேர்ந்தபோதுதான் அக்கசப்பு தீர்கிறது. பின்னாளில் கீவ் நகரத்து அரங்கில் அவன் வாசிக்கும்போது, அந்தப் பிச்சைக்காரரின் ஓலம் அவன் இசைக்குள் எழுகிறது. தன் குறையை அவன் ஏற்றுக்கொண்ட விதம் இதுதான்: அதே குறையைச் சுமக்கும் ஏழைகளோடு தன்னை இனங்கண்டுகொண்டான். இந்த எழுத்தாளரின் தன்வரலாற்றைத்தான் ரோசா லக்சம்பேர்க் 1918இல் சிறையிலிருந்தபடி ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து 1904 முதல் 1912 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘ழான் கிறிஸ்தோப்’, இவ்வழியில் எழுந்த மற்றொரு பெருநூல். ஜெர்மனியிற் பிறந்த இசைஞன் ஒருவனின் வாழ்க்கையை அது சொல்கிறது. புகழுக்காகச் சிறுவன் எழுதிய பாட்டைக் கேட்டு, மூட்டை சுமந்து பொருள் விற்கும் ஏழை மாமன் கொட்பிறீட், அது பொய் என்று கூறிவிடுகிறார். உண்மையாகச் சொல்ல ஏதேனும் இருந்தாலன்றிப் பாடாதே என்பதே அவரிடம் அவன் பெற்ற முதற் பாடம். பின்னர் பிரெஞ்சு இளைஞன் ஒலிவியேயுடன் அவன் கொள்ளும் நட்பு, பகை நாடுகள் இரண்டுக்கிடையே கட்டப்பட்ட பாலமாகிறது. நூல் நிறைவெய்திய இரண்டே ஆண்டுகளில் அவ்விரு நாடுகளும் போர்க்களத்தில் எதிர்நின்றன. எனினும் அந்த நட்பைப் படித்தவர்கள் இரு நாடுகளிலும் இருந்தனர்.

தமிழில் இவ்வகைக்கு முதன்மையான சான்று தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. 1950களிற் ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்த அந்நாவலில், கும்பகோணத்து இளைஞன் பாபு, ரங்கண்ணா என்னும் ஆசானிடம் இசை பயில்கிறான். இராஜம் என்னும் நண்பனுடன் தன் உள்ளத்தைப் பகிர்ந்துகொள்கிறான். நாதத்தையும் ஆசையையும் அந்நூல் எடுத்துரைத்த திறம் தமிழுக்குப் பெருமை தருவது. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பாபுவின் போராட்டம் தன் உள்ளத்தோடு நிகழ்ந்த போராட்டம். இசை பயில நீ யார் என்று எவரும் அவனை வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. அக்கேள்வியை நாள்தோறும் சந்தித்தவர்கள் காவிரிக் கரையிலும் இருந்தனர். இரணைமடுக் குளத்தின் கரையிலும் இருந்தனர்.

இனி வன்னிக்கு வருவோம். காடும் குளமும் வயலும் சேர்ந்த இந்நிலத்தில் இசை தொழிலோடு பிறந்தது. பயிரை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாக்கிப் ‘பண்டிப்பள்ளு’, ‘குருவிப்பள்ளு’ என்று பாட்டுக் கட்டினர் நம் உழவர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வழிபாட்டைச் சூழ்ந்து சிலம்பின் கதை பாட்டாகவும் கூத்தாகவும் வழங்கியது. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து தனக்கெனத் தனி மோடியை உடையது. காத்தவராயன் கூத்தோ, பிறப்பின் வேலியை மீறிக் காதலித்த இளைஞன் ஒருவன் கழுமரம் ஏறும் கதை.

இக்கூத்துகளே வன்னியின் பழைய இளைஞர் இலக்கியம் என்று நாம் துணிந்து கூறலாம். பகல் முழுதும் வயலிலும் காட்டிலும் உழைத்த வாலிபர்கள், இரவில் அண்ணாவியாரின் முன்னே கூடினர். எழுத்தறியாதவனும் செவிவழியாகப் பாட்டை மனனம் செய்தான். மத்தளத்துக்குக் கால் வைத்தான். ஒருவன் பாட்டைத் தொடங்க மற்றவர் பிற்பாட்டாக ஏந்திக்கொண்டனர். மாதக்கணக்கில் நீண்ட அப்பயிற்சியில் தோழமை வளர்ந்தது. கூலிக்காரனின் மகன் களரியில் மன்னனாக நின்றபோது, தானும் ஒரு மனிதன் என்ற நிமிர்வை ஓரிரவேனும் பெற்றான்.

விடிந்ததும் அந்நிமிர்வு பறிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து நிலம் தேடி வந்தவர்கள், காடு வெட்டும் கத்தியோடு சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தனர். ஊர்த் தெய்வத்தின் கோயிலிலும் இழவு வீட்டிலும் பறை இன்றிக் காரியம் நடவாது. ஆனால் பறை முழக்கியவன் முற்றத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். தாளத்தின் நுட்பங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஒரு கூட்டத்தாருக்கு, கலைஞர் என்ற பெயரை எவரும் வழங்கவில்லை. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகள் நடத்திக் கர்நாடக இசையைப் பிள்ளைகளிடையே பரப்பியது பெரும் தொண்டு. எனினும் இசைக்கல்வி என்ற சொல்லுக்கு நெடுங்காலம் அதுவே முழுப் பொருளாகிவிட்டது. வியன்னாப் பியானோ வீட்டுக்குள் வந்தது. இலாயத்துக் குழல் வெளியிலேயே நின்றது.

இந்நிலையில் இருவேறு எதிர்ப்புகள் எழுந்தன. ஒன்று, மறுப்பு. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டும் தேநீர்க்கடைக் கதவுகளும் கோயிற் கதவுகளும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அக்கதவுகளை அசைத்தன. அக்காலத்து இளைஞர் பலர், அடிமைக் கடமையாக விதிக்கப்பட்ட பறையை இனித் தொடோம் என்று கூறினர். தன் பாட்டனின் கலையைக் கைவிடுவதே தன்மானத்தின் வழி என்று ஒருவன் முடிவுசெய்ய நேர்ந்தது எத்துணைக் கொடுமை! அம்முடிவு நியாயமானது. அதற்கான பழி அவனைச் சாராது. அக்கலையை இழிதொழிலாக்கிய அமைப்பையே சாரும்.

மற்றொன்று, மீட்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போ’ரையும் பின்னர் ‘இராவணேச’னையும் மேடையேற்றினார். படியாதவர் ஆட்டம் என்று நகரத்தார் இகழ்ந்த கூத்தைப் பட்டதாரி மாணவர்கள் அண்ணாவியாரின் காலடியில் அமர்ந்து பயின்றனர். அவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு, 1969இல் ‘சங்காரம்’ நாடகத்திற் கூத்தின் தாளத்தைச் சமத்துவத்தின் குரலாக்கினார். மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யும் கூத்து வடிவில் ஊரூராகச் சென்றது. ஒரு தலைமுறை மாணவர் தம் ஊரின் ஒலியை வெட்கமின்றித் தமதென்று கூறத் தொடங்கினர்.

வன்னியின் கதை இத்தோடு முடியவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகத் தமிழர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினர். அவர்களுக்கு நிலமும் நீரும் கல்வியும் கிடைக்கப் பாடுபட்ட காந்தீயம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம், 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். அம்மக்கள் காமன் கூத்தையும் தப்பையும் உடன் கொண்டுவந்தனர். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பிய கருவியும் தப்பு; மாசிநிலவில் மன்மதன் கதைக்கு முழங்கிய கருவியும் தப்பு. ஒரே தோலில் அடிமைத்தனத்தின் ஓசையும் விழாவின் ஓசையும் உறைந்திருந்தன. அவர்களுடைய பிள்ளைகளை ‘தோட்டக்காட்டான்’ என்று அழைத்த வாய்களும் தமிழ் பேசிய வாய்களே. அப்பெயருக்கு அஞ்சித் தன் வீட்டுப் பேச்சையும் தப்பொலியையும் மறைக்கக் கற்ற சிறுவனிடம், உன்னை நீ நேசி என்று உபதேசிப்பதால் யாது பயன்?

1973இல் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வெளிவந்தபோது, தண்ணிமுறிப்புக் காட்டுக் கிராமத்தின் பதஞ்சலியும் கதிராமனும் நாவலின் தலைமக்களாயினர். வன்னியின் எளிய இளைஞரும் இலக்கியத்துக்கு உரியவர் என்பதை அந்நூல் நிலைநாட்டியது. ஆனால் பறைக்கலைஞனின் மகளோ, காமன் கூத்தில் இரதியாக ஆடியவனின் பேரனோ, இசையின் வழியே தன்னைக் கண்டடையும் இளைஞர் நாவல் ஒன்று வன்னிக்குத் தேவைப்படுகிறது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போர் அத்தேவையைப் பன்மடங்காக்கியது. கண்ணிழந்தோரும் காலிழந்தோரும் இம்மண்ணில் வளர்ந்து ஆளாகினர். கொரொலென்கோவின் பியோத்தரும் மக்சீம் மாமனும் நமக்கு அந்நியரல்லர். அவர்களை ஒத்தவர் நம் ஒழுங்கைகளில் நடமாடுகின்றனர்.

இன்று பறை பல்கலைக்கழக மேடைகளில் முழங்குகிறது. ஊர்வலங்களுக்கு முன்னே செல்கிறது. மகிழ வேண்டிய மாற்றம்தான். எனினும் கருவிக்குக் கிடைத்த மாலை, அதைக் காத்த மனிதருக்கும் கிடைத்ததா என்று கேட்பது நம் கடமை. மேடையிற் பறையைப் போற்றிவிட்டு, பறை அடித்தவரின் வீட்டில் தண்ணீர் அருந்தத் தயங்கும் பண்பாட்டுப் பற்று போலியானது. தாய் தன் பியானோவை விட்டு இலாயத்துக் குழலுக்குச் செவிகொடுத்தாள் அல்லவா? அந்தப் பணிவு வேண்டும்.

ஆசிரியராகிய நம் கையிலும் சில காரியங்கள் உள்ளன. அண்ணாவியார்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களது பாட்டையும் தாளக்கட்டையும் மாணவர் கேட்டு எழுதிவைக்கச் செய்யலாம். இசைப் பாடவேளையில் மிருதங்கத்துக்கு அருகே பறைக்கும் தப்புக்கும் இடம் தரலாம். அவற்றைக் கற்பிக்க அக்கலைஞரையே ஊதியமும் ஆசனமும் அளித்து அழைக்கலாம். நாம் வேண்டுகின்ற நாவலை எழுதக்கூடியவர் அவ்வகுப்பிலேயே இருக்கக்கூடும். உன் பாட்டனார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று அவரைக் கேட்கும்போது, அவர் தலைகுனியாமல் விடை சொல்லவும், கேட்டிருப்போரில் ஒருவரும் சிரிக்காமல் இருக்கவும் வேண்டும். அப்படி ஒரு வகுப்பறையை ஆக்குவதே நம் முதல் வேலை.