லிப்பி நகரின் கல்நார்ப் பேரிடரும் மீட்பும்

லிப்பி, அமெரிக்காவின் மொன்ட்டானா மாநிலத்தின் வடமேற்கில் கூட்டெனை ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிறு நகரம். மூவாயிரத்துக்கும் குறைவானோர் வாழும் இந்நகரம், கல்நார்த் தூசியால் நேர்ந்த பேரிடரிலிருந்து மீள இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறது.

சுரங்கமும் தூசியும்

நகருக்கு ஏறத்தாழ 11 கி.மீ. வடகிழக்கிலுள்ள மலையில் 1920களிலிருந்து வெர்மிகுலைட்டு என்னும் கனிமம் வெட்டியெடுக்கப்பட்டது. சூடாக்கினால் பொரிபோல் உப்பும் இக்கனிமம், வீடுகளில் வெப்பக்காப்புப் பொருளாகச் சோனோலைட் என்ற பெயரில் விற்கப்பட்டது. 1963இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் சுரங்கத்தை வாங்கியது.

இம்மலையின் வெர்மிகுலைட்டில் கல்நார் இழைகளும் கலந்திருந்தன. ஆலைத் தூசி தீங்கானது என்று மாநில ஆய்வாளர் 1956இலேயே அறிக்கை அளித்தார். ஆயினும் ஆபத்தின் முழு அளவு தொழிலாளர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களின் ஆடையில் ஒட்டிய தூசி வீட்டுக்குள் வந்தது. மனைவியரும் பிள்ளைகளும் அதைச் சுவாசித்தனர். சுரங்கக் கழிவு தோட்டங்களிலும் பள்ளி ஓட்டப்பாதைகளிலும் கொட்டப்பட்டது. இதனால் சுரங்கத்தில் கால்வைக்காதவர்களும் நோயுற்றனர்.

வெளிவந்த உண்மை

கல்நார் நோய்கள் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே 1990இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் மக்கள் நோயுற்றுக்கொண்டே இருந்தனர். 1999 நவம்பரில் சியாட்டில் நாளிதழ் ஒன்று இச்செய்தியை வெளியிட்டது. சில நாள்களில் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையினர் நகருக்கு வந்தனர். நூற்றுக்கணக்கானோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

மீட்புப் பணிகள்

2002இல் லிப்பி தேசிய முன்னுரிமைத் தூய்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் வீடுவீடாக ஆய்வு செய்து, மாசடைந்த மண்ணைத் தோண்டி அகற்றிப் புதுமண் நிரப்பினர். 2018 வரை 2,600க்கும் மேற்பட்ட வீடு, கடை மனைகள் தூய்மையாக்கப்பட்டன. கிரேஸ் நிறுவனம் 2001இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2008இல் தூய்மைச் செலவுக்காக 25 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நிறுவனத்தின் மீதும் அதன் அதிகாரிகள் மீதும் தொடரப்பட்ட குற்றவியல் வழக்கில் 2009 மே மாதம் விடுதலைத் தீர்ப்பு வந்தது.

மண்ணை மாற்றலாம், நுரையீரலை மாற்ற இயலாது. எனவே மருத்துவ உதவியே மீட்பின் மறுபாதியானது. 2000இல் கல்நார் நோய்க்கெனத் தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. 2009 சூனில் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது. மத்தியத் தூய்மைச் சட்டத்தின்கீழ் இத்தகைய அறிவிப்பு அதுவே முதன்முறை. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், இங்கு கல்நாரால் நோயுற்றோருக்கு வயது வரம்பின்றி மெடிகேர் காப்பீட்டை வழங்கியது.

இன்றைய நிலை

பழைய வீடுகள் சிலவற்றின் சுவர்களுக்குள் கல்நார் கலந்த காப்புப்பொருள் இன்னும் அடைபட்டுள்ளது. சுவரை இடிக்கவோ நிலத்தைத் தோண்டவோ எண்ணுவோர் முன்கூட்டியே உள்ளூர்க் கல்நார் உதவி அலுவலகத்தை அணுகுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். சுரங்கத்தைச் சூழ்ந்த காட்டில் மரப்பட்டைகளிலும் இழைகள் படிந்திருப்பதால், அங்கு காட்டுத்தீ பரவுவது தனிக் கவலையாக உள்ளது. நகரின் காற்று பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவிட்டபோதிலும், முன்னர் சுவாசித்தவர்களுக்கு நோய்க் கண்காணிப்பு தொடர்கிறது.