சாமந்த சந்திரசேகரும் சனியின் ஆறரை நாளும்

சூரிய சித்தாந்தத்தின் எண்களைக் கொண்டு கணக்கிட்டால், சனிக்கோள் விண்மீன்களிடையே ஒரு முழுச் சுற்றை முடிக்க 10,765.77 நாள்கள் ஆகும். இன்றைய வானியல் தரும் அளவு 10,759.22 நாள்கள். வேறுபாடு ஏறத்தாழ ஆறரை நாள். ஒடிசாவின் கண்டபடா என்னும் சிற்றரசில், 1869ஆம் ஆண்டளவில் ஓலையில் எழுதி முடிக்கப்பட்ட ‘சித்தாந்த தர்ப்பணம்’ என்னும் சமஸ்கிருத நூல் தரும் அளவோ 10,759.76 நாள்கள். ஆறரை நாளாக இருந்த பிழை அரை நாளாகச் சுருங்கிவிட்டது.

நூலாசிரியர் சாமந்த சந்திரசேகர் (1835–1904). ஒடிசா மக்கள் அவரைப் பட்டாணி சாமந்தர் என்று அன்புடன் அழைப்பர். கண்டபடா அரச குடும்பத்தில் பிறந்தவர்; ஒடியாவும் சமஸ்கிருதமும் கற்றவர்; ஆங்கிலம் அறியாதவர். தம் அவதானிப்புகளுக்குத் தொலைநோக்கியின் துணையைக் கொண்டவரும் அல்லர். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இல்லாமைகளைப் பட்டியலிட்டு வியப்பதோடு முடிந்துவிடுகிறது. வியப்பு நியாயமானதே, ஆயினும் வியப்பு விளக்கம் ஆகாது. வரலாறு பயில்வோர் கேட்க வேண்டிய வினா வேறு. சனி ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேலாகும். நூலை முடித்தபோது ஆசிரியரின் வயது 34. ஒரு சுற்றைக்கூடத் தொடக்கம் முதல் இறுதி வரை அளந்திருக்க இயலாத ஒருவர், அச்சுற்றின் காலத்தை அரை நாள் பிழைக்குள் எவ்வாறு கொண்டுவந்தார்?

முதலில் கருவியைப் பார்ப்போம். அவர் மிகுதியும் நம்பியது ‘மான யந்திரம்’ எனப்பட்ட மரக்கருவியை. இருபத்து நான்கு விரல் நீளமுள்ள மெல்லிய கோல். அதன் ஒரு முனையில் செங்குத்தாகப் பொருத்தப்பட்ட சிறிய குறுக்குக்கோல். குறுக்குக்கோலில் வெட்டுகளும் துளைகளும். கோலின் மறுமுனையைக் கண்ணருகே வைத்து, ஒரு கோளையும் ஒரு விண்மீனையும் இரு குறிகளின் வழியே நோக்கினால், இரண்டுக்கும் இடையேயுள்ள கோணம் கிடைக்கும். குறிகளின் இடைவெளி கோணத்தின் டேன்ஜென்ட் அளவை ஒட்டியது. பத்துப் பாகைக்கு ஏறத்தாழ 4.2 விரல். இக்கருவியின் நுட்பத்தைத் தாராளமாக மதிப்பிட்டாலும், ஓர் அளவீட்டில் பாகையின் சிறு பின்னங்களுக்குக் கீழே செல்வது அரிது. ஆகவே விடையைக் கருவியில் மட்டும் தேடுவது பயனற்றது.

விடை பழைய நூலின் பிழையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சனி ஒரு நாளில் சுமார் இரண்டு கலை தூரமே நகரும். ஆறரை நாள் பிழை ஒரு சுற்றில் கால் பாகைக்கும் குறைவான விலகலையே உண்டாக்கும். அதே பிழை ஆயிரம் ஆண்டுகளில் முப்பத்து நான்கு சுற்றுகளாகச் சேரும்போது விலகல் ஏழு பாகையைத் தாண்டும். அது முழுநிலவின் அகலத்தைப் போல் பதினான்கு மடங்கு. அதைக் காணத் தொலைநோக்கி வேண்டியதில்லை, மரக்கோல் போதும். முன்னோர் தம் காலத்தில் கண்ட நிலையை ஒரு முனையாகவும், தாம் கண்டபடாவின் வானில் கண்ட நிலையை மறுமுனையாகவும் கொண்டு, நடுவிலுள்ள சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் திருத்திய காலம் கிடைத்துவிடும். நூற்றாண்டுகளின் நீளமே இங்கு உருப்பெருக்கியாகச் செயற்படுகிறது. மரபை முற்றாகப் புறந்தள்ளியவருக்கும் இது கைகூடாது. மரபின் எண்களை மாற்றலாகாது என்று கருதியவருக்கும் கைகூடாது. சந்திரசேகர் முன்னோரின் நூலைச் சான்றாகக் கொண்டார், தீர்ப்பாகக் கொள்ளவில்லை.

சந்திரனிலும் இதே முறையின் பயனைக் காண்கிறோம். சந்திரனின் சீரற்ற இயக்கத்தில் மூன்று திருத்தங்களை அவர் துங்காந்தரம், பாக்ஷிகம், திகம்சம் என்ற பெயர்களில் சேர்த்தார். மூன்றாவது, பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவு ஆண்டினூடே மாறுவதால் விளைவது. மிகுதியான அளவே சுமார் 11 கலை, அதாவது நிலவு வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் டைக்கோ பிராகேயும் கெப்ளரும் இதைக் கண்டறிந்தனர். கோண அளவாகக் கருதினால் இது மிக நுண்ணியது. காலமாக மாற்றிப் பார்த்தால் நிலைமை வேறு: சூரியனை நோக்கச் சந்திரன் மணிக்கு அரைப் பாகை நகர்வதால், 11 கலை என்பது ஏறத்தாழ 22 நிமிடம். பஞ்சாங்கம் குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னோ பின்னோ கிரகணம் பிடித்தால், கவனத்துடன் காத்திருப்பவர் அதை உணராமல் இரார்.

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் சூரிய வட்டத்தைக் கடந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கணிக்க உலகெங்கும் குழுக்கள் புறப்பட்ட நிகழ்வு அது. இந்தியாவில் ரூர்க்கியில் கர்னல் டென்னன்ட் கருவிகளுடன் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பொதுமக்களுக்காக இந்திய மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டிருந்தார். சந்திரசேகரும் அதைத் தம் நூலில் பதிந்திருக்கிறார்: கலியுகம் 4975இல் சுக்கிரன் சூரியனை மறைத்தது, அதன் வட்டம் சூரிய வட்டத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அன்றைய உண்மையான விகிதமும் ஏறத்தாழ இதுவே. இந்த எண்ணிலிருந்து அவர் கொள்ளும் முடிவு குறிப்பிடத்தக்கது: கோள்கள் சூரியனைவிட மிகச் சிறியவை.

ஆயினும் பூமி சுழல்வதை அவர் ஏற்கவில்லை. அவரது அமைப்பில் பூமி அசையாது நிற்கிறது. சூரியன் பூமியைச் சுற்றுகிறது. ஐந்து கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. டைக்கோ 1588இல் முன்வைத்த அமைப்பும் இத்தகையதே. கேரளத்தின் நீலகண்ட சோமயாஜியும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய அமைப்பை விளக்கியிருக்கிறார். இதைக் கொண்டு சந்திரசேகரைப் பின்தங்கியவர் என்பதும் தவறு. அவரைக் கோப்பர்நிக்கஸ் ஆக்க முயல்வதும் தவறு. பூமியிலிருந்து பார்க்கும் கோள்நிலைகளை மட்டும் கொண்டு இவ்விரு அமைப்புகளையும் வேறுபடுத்த முடியாது. வடிவக்கணித அளவில் இரண்டும் ஒரே விடையைத் தருபவை. வேறுபடுத்த வேண்டிய சான்றுகள் இயற்பியலிலிருந்தும், விண்மீன்களின் மிக நுண்ணிய இடப்பெயர்ச்சியிலிருந்தும் வந்தவை. அவை மரக்கோலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தனிமையின் விலையை இங்கேதான் காண்கிறோம்: கண்ணால் அடையக்கூடியதை எல்லாம் அவர் அடைந்தார், அதற்கு அப்பாலுள்ளதை அடையப் பிறருடைய கருவிகளும் நூல்களும் உரையாடலும் வேண்டியிருந்தன.

அந்த உரையாடல் தாமதமாகவே வந்தது. கட்டாக் ராவென்ஷா கல்லூரியில் அறிவியல் கற்பித்த வங்காளியரான யோகேஷ் சந்திர ராய், ஒடியா எழுத்தில் ஓலையிலிருந்த நூலைத் தேவநாகரியில் அச்சுக்குக் கொண்டுவந்தார். சிற்றரசர்களின் பொருளுதவியோடு, ராயின் நீண்ட ஆங்கில முன்னுரையோடு, 1899இல் அது கல்கத்தாவில் வெளியாயிற்று. அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழ் அதைப் பற்றி எழுதியது. எழுதி முடித்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்: சனி ஒருமுறை சுற்றிவரும் காலம்.

ஒடிசாவிலோ நூல் வேறொரு வழியில் வாழ்ந்தது. புரி ஜகந்நாதர் கோயிலின் சடங்குக் காலங்களைக் குறிக்கும் பஞ்சாங்கம் அவருடைய கணக்கை ஏற்றது. தமிழகத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் இன்றும் வழங்குவதை அறிந்தவர்கள், வானோடு ஒத்துவராத கணக்கை மாற்றுவது சமய வாழ்வில் எத்துணைக் கடினம் என்பதை உணர்வர்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 24 செ.மீ. நீளமுள்ள கோல் ஒன்றை எடுத்து, அதன் முனையில் ஒரு குறுக்குச் சட்டத்தைப் பொருத்துங்கள். நடுவிலிருந்து 4.2 மி.மீ. தள்ளி ஒரு குறி இட்டால் அது ஒரு பாகை, 42.3 மி.மீ. தள்ளி இட்டால் பத்துப் பாகை. வாரம் ஒருமுறை சனிக்கும் அருகிலுள்ள ஒரு விண்மீனுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்து எழுதி வாருங்கள். ஓராண்டின் குறிப்பேடு கையிலிருக்கும்போது சித்தாந்த தர்ப்பணத்தின் அட்டவணைகளை வாசித்தால், அவ்வெண்களுக்குப் பின்னாலிருக்கும் இரவுகளின் எண்ணிக்கை விளங்கும்.