ஈட்டிக்குத் தடை போட்ட தீவு

வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் பொனேர் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. டச்சுக்காரர்களின் வசம் உள்ளது. 1939-ல் வியன்னாவிலிருந்து ஹன்ஸ் ஹாஸ் என்ற 20 வயது மாணவர் இரண்டு நண்பர்களுடன் அந்தப் பக்கம் போனார். மீன் குத்தும் ஈட்டியும் எடுத்துப் போனார், நீருக்கடியில் படம் பிடிக்க கேமராவும் எடுத்துப் போனார். போகப் போக கேமராதான் ஜெயித்தது. சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் பிறகு விலங்கியலுக்கே மாறிவிட்டார்!

ஈட்டி வலையைப் போல கண்டதையும் அள்ளாது, குறிபார்த்து ஒரே மீனைக் குத்தும். அப்படியென்றால் நல்லதுதானே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். குறி எப்போதும் பெரிய மீன் மேல்தான் விழும். களவா மீன் மெதுவாக வளரும், தன் பொந்தை விட்டு அதிகம் நகராது. அதில் பல இனங்கள் முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரியதையெல்லாம் குத்திவிட்டால் ஆண் மீனுக்கு எங்கே போவது?

பொனேர் 1971-லேயே ஈட்டி மீன்பிடிப்பைத் தடை செய்தது. 1979-ல் சுற்றியுள்ள கடலே பூங்காவானது. தூண்டில்காரர்களுக்குத் தடையில்லை.

2009-ல் வந்தது வினை. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து லயன்ஃபிஷ் (சிங்கமீன்) அங்கேயும் தென்பட்டது. விஷ முள் கொண்டது. குட்டி மீன்களை விழுங்கித் தள்ளும், தூண்டிலிலும் லேசில் சிக்காது. கடைசியில் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்களின் கையில் தீவே குட்டை ஈட்டியைக் கொடுத்தது, அந்த ஒரு மீனுக்கு மட்டும்.